போதும் என்று சொன்ன செடி

செடிகளுக்கு வேரே காலாக இருந்து, நினைத்தபோது மண்ணை உதறிவிட்டு எழுந்து நடந்த அந்தக் காலத்தில், கொம்புமலை அடிவாரத்தில் காரைப்பள்ளம் என்று ஓர் ஊர் இருந்தது. அப்போதெல்லாம் ஒரு வாழை அடுத்த ஊர் வாழை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மூன்றாம் நாள் சாவகாசமாகத் திரும்பி வரும். கத்தரிச் செடிகள் வாய்க்கால் ஓரம் கூடி நின்று வம்பளக்கும். மாடும் பேசும், கல்லும் பேசும். கல் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பேசும். செடிகள் எல்லாம் பிறகு ஏன் நடப்பதை விட்டன என்று கேட்காதீர்கள். அது வேறு கதை, அதற்குள் போனால் இது முடியாது.

காரைப்பள்ளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போதும் என்று யாராவது சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்த விருந்தாளி "போதுமுங்க" என்றால் இன்னொரு கரண்டி விழும். "அய்யோ, போதுமுங்க" என்றால் இரண்டு கரண்டி. "சத்தியமாப் போதுமுங்க" என்று தலையில் அடித்துச் சொன்னால், பாவம், என்ன பசியோ என்று சட்டியையே கவிழ்த்துவிடுவார்கள். தப்பிக்க ஒரே வழி, எழுந்து ஓடுவதுதான். உப்பு விற்க வந்த ஒருவர் நாலாவது களி உருண்டை வருவதைப் பார்த்துவிட்டு வேப்பமரத்தில் ஏறிக்கொண்டாராம். மரம் சும்மா இருந்ததா? அதுவும் காரைப்பள்ளத்து மரம் அல்லவா? "எறங்கிப் போய்ச் சாப்புடுங்க" என்று கிளையை ஓர் உலுக்கு உலுக்கி அவரைப் பந்தியிலேயே இறக்கிவிட்டது.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கம் சிரித்துக்கொண்டு பிறந்ததல்ல.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் மழை மூன்று வருஷம் சேர்ந்தாற்போலப் பொய்த்திருந்தது. நாச்சாத்தாள் என்று ஒருத்தி, அவள் புருஷன் ராக்கியண்ணன். அந்த மூன்றாம் வருஷம் அவர்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு செம்புக் கூழ்தான் தேறியது. ராக்கியண்ணன் இரண்டு மடக்குக் குடிப்பான். பிறகு செம்பை மனைவி பக்கம் தள்ளுவான்.

"எனக்குப் போதும் புள்ள. நீ குடி."

"நெசமாவா மாமா?"

"வயிறு நெறஞ்சு போச்சு. இன்னுங் குடிச்சா ஏப்பம் வந்துரும்."

அவள் நம்பினாள். நம்பிக் குடித்தாள். மழை வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு காலையில் ராக்கியண்ணன் எழுந்திருக்கவில்லை. காரைப்பள்ளத்தில் பாதி வீடுகளில் இதே கதை. யாரோ ஒருவர் போதும், போதும் என்று சொல்லியே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மழை பெய்து, குட்டை நிறைந்து, கம்பு விளைந்த பிறகு ஊர் கூடி எந்தத் தீர்மானமும் போடவில்லை. ஆனாலும் அதற்கப்புறம் அந்தச் சொல்லை ஒருவரும் நம்பவில்லை. சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது என்பார்களே, அப்படித்தான்.

நாச்சாத்தாள் அந்தப் பூனைகளுக்கெல்லாம் தலைவி. அவள் வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு நாளைக்குக் குனிய முடியாது.

ஒரு கார்த்திகைக் கடைசியில், பொழுது கிளம்பி ஓர் ஆள் உயரம் வந்திருந்த வேளையில், அவள் வீட்டுப் படல் முன்னால் ஒரு செடி வந்து நின்றது. அந்த மாதிரிச் செடியை அவள் பார்த்ததே இல்லை. முழங்கால் உயரம். இலைகள் வழவழவென்று பச்சையாக, நாலா பக்கமும் விரித்த கைகள் மாதிரி பரந்து கிடந்தன. உச்சியில் ஒரே ஒரு மொட்டு, மிளகளவுக்கு, இறுக மூடியிருந்தது. மலையிலிருந்து நடந்து வந்ததில் வேரெல்லாம் புழுதி.

"ஏனுங்க்கா, அந்தப் பொகை உங்க ஊட்டுல இருந்துதான் வருதுங்களா?"

"ஆமாங் கண்ணு. அடுப்புப் பொகை. நீ எந்தூரு?"

"கொம்புமலை உச்சிங்க. தெனமும் காத்தால கீழ இருந்து ஒரு பொகை எந்திரிச்சு வரும். மஞ்சுதான் வழி தவறிக் கீழ எறங்கிப் போச்சோன்னு பாக்க வந்தேன்."

மூடுபனியை மலைப்பக்கம் மஞ்சு என்பார்கள். நாச்சாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராக்கியண்ணன் போனதற்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். "உள்ள வா அம்மிணி, வா" என்று படலைத் திறந்துவிட்டாள்.

உள்ளே வந்த செடிக்குக் கேள்வி கேட்டு மாளவில்லை. அடுப்புக்கு எதற்கு மூன்று குமிழ்? கம்பை ஏன் குத்த வேண்டும், அது என்ன தப்பு செய்தது? கதவு என்றால் என்ன? காற்றைப் பிடித்துவைக்கவா? நாச்சாத்தாள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு தன் பங்குக்கு அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அவளிடம் வேறு என்ன கேள்வி இருக்கும்?

"மேல நீ என்ன கண்ணு சாப்புடுவ?"

"காத்தாலைக்குக் கொஞ்சம் மஞ்சுங்க. அப்பறம் வெயிலு. கல்லு இடுக்குல தூசி கெடக்கும், அதுல ஒரு நக்கு."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க்கா."

"மண்ணு?"

"மேல ஏதுங்க மண்ணு? காத்து எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருமுங்க."

நாச்சாத்தாளின் கண் கலங்கிவிட்டது. மலை உச்சியில் இன்னும் பஞ்சம் தீரவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். பத்து நாளாவது தங்கிவிட்டுப் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு, அதாவது இலையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை.

செடியும் யோசித்தது. "பத்து நாள்ல இந்த மொட்டு பூத்துருமுங்க. மொத மொட்டு. மேல எங்க இனத்துல நான் ஒருத்திதான் மிச்சம். இது பூத்து வெதை விட்டாத்தான் இன்னொருத்தி. அதுமில்லாம..." என்று கொஞ்சம் வெட்கப்பட்டது. "பூவு உச்சந்தலையில இருக்குதல்லங்க, எனக்கே தெரியாது. மேல பாத்துச் சொல்லறதுக்கும் ஆளில்ல. நீங்க பாத்து எப்படி இருக்குதுன்னு சொல்லறீங்களா?"

"சொல்றேன் கண்ணு. கண்ணு கொட்டாமப் பாத்துச் சொல்றேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகச் செடி தங்கியது.

ஒறம்பரை வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. விருந்தாளியை அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்பார்கள். நாச்சாத்தாள் கொல்லையில் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினாள். குட்டையின் அடியிலிருந்து கருகருவென்று வண்டல் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள். கையில் எடுத்துப் பிடித்தால் வெண்ணெயாக வழுக்கும் மண் அது. ஊரில் அதைவிட நல்ல மண் கிடையாது. செடி வேரை அதில் வைத்ததும் "அட, மெத்துமெத்துனு இருக்குதுங்க்கா!" என்று துள்ளியது. நாச்சாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

"போதுமுங்க்கா."

இன்னொரு குடம் ஊற்றினாள்.

என்ன சாப்பிடும், எவ்வளவு சாப்பிடும் என்று அறிந்துகொள்ள அவளுக்கு ஆசை. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்பதில் தப்பில்லையே. வாய்க்கால் ஓரத்து வாழையிடம் போய்க் கேட்டாள்.

"தண்ணிதானுங்க" என்றது வாழை. "காலுக்கடியில சளசளன்னு நிக்கோணும். தண்ணி நின்னா மத்ததெல்லாம் தானா வரும்."

கத்தரிச் செடியிடம் கேட்டாள். "வாழைக்கு என்ன தெரியும்? ஆட்டுப் புழுக்கை போடுங்க. நல்லா மக்குன புழுக்கையா, ரெண்டு கூடை போடுங்க. மூணாம் நாள் பாருங்க, பளபளன்னு வரும்."

கட்டுத்தறியில் கிடந்த எருமையையும் விட்டுவைக்கவில்லை. அது அசைபோட்டதை நிறுத்தாமலே சொன்னது: "என்னையக் கேட்டா, கொண்டுபோய்க் குட்டையில எறக்கிருங்க. மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சாச் செரி."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஆனால் அடுத்த வயிற்றுக்காகப் பேசச் சொன்னால் எந்த வாய் சும்மா இருந்திருக்கிறது? எருமை சொன்னதைத் தவிர மற்றதையெல்லாம் நாச்சாத்தாள் செய்தாள். காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். நடுவில் ஆட்டுப் புழுக்கை. அரிசி கழுவிய கழுநீர். அரிசி எங்கே அடிக்கடி வாங்கினார்கள்? அந்தக் கழுநீருக்காகவே அவள் அரிசி வாங்கிவந்து கழுவினாள்.

நாலாம் நாள் செடி இரண்டு மடங்காகிவிட்டது. இலைகள் தடித்து உப்பி மினுமினுத்தன. ஊர்க்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு மாரக்காள் மூக்கில் விரல் வைத்தாள்.

"மலையில இருந்து வரையில எப்படி இருந்துச்சு, இப்பப் பாரு! உன்ற கைராசி ஆருக்கு வரும் நாச்சா?"

"இன்னுந் தேறோணும். மொட்டு அப்படியே இருக்குதல்ல."

மொட்டு மட்டும் அப்படியேதான் இருந்தது. செடி ஊதினால் மொட்டும் ஊத வேண்டாமா? அது வந்தபோது இருந்த அதே மிளகு. நாச்சாத்தாளுக்கு அதுதான் கவலை. பத்து நாளில் நாலு நாள் போய்விட்டது. சத்துப் போதவில்லை என்று எருவைக் கூட்டினாள்.

செடிக்கும் இதெல்லாம் புதிதாக இருந்ததால் முதலில் ஒன்றும் புரியவில்லை. ஆறாம் நாள் அது எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று பார்த்தது. முடியவில்லை. கல்லைப் பிடித்து ஏறிய இறுகிய வேர்களெல்லாம் அந்தச் சொகுசு மண்ணில் வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாகப் பெருகிப்போயிருந்தன. ஒன்றிலும் பலமில்லை. காரைப்பள்ளத்துப் பந்தியிலிருந்து தப்பிக்க எழுந்து ஓடுவதுதான் வழி என்றேனே, அந்த வழியும் போயிற்று.

"அக்கா, போதுமுங்க. எனக்குக் காலடியில என்னமோ சொதசொதன்னு இருக்குதுங்க."

"பசியில அப்படித்தாங் கண்ணு இருக்கும். சித்தெ பொறு, கழுநீர் கொண்டாறேன்."

எட்டாம் நாள் அடி இலை ஒன்று மஞ்சளாயிற்று. ஒன்பதாம் நாள் நாலைந்து இலைகள் கண்ணாடி மாதிரி வெளிறின. செடியின் குரல் கம்மிப்போனது. முன்பு கேள்வி கேட்டு மாளாத செடி இப்போது ஒன்றுமே கேட்பதில்லை.

"போதுங்க்கா" என்றது, காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு.

அந்தக் குரல்தான் நாச்சாத்தாளைப் பைத்தியமாக்கிவிட்டது. ராக்கியண்ணனும் கடைசி நாட்களில் இப்படித்தான் மெல்லமெல்லச் சொன்னான். குரல் தாழத் தாழ அவன் பட்டினி ஏறிக்கொண்டே போயிருந்தது. அது அவளுக்கு அப்போது தெரியவில்லை. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். செடி எவ்வளவு மெல்லச் சொன்னதோ அவ்வளவு அதிகமாக அவள் ஊற்றினாள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்ற பழமொழி அப்போது பிறந்திருக்கவில்லை. பிறந்திருந்தாலும் காரைப்பள்ளத்துக்குள் அதை விட்டிருக்க மாட்டார்கள்.

பதினோராம் நாள் காலை. ஒரு செம்பு நிறையக் கழுநீரோடு அவள் கொல்லைக்குப் போனாள். செடி தன் இலைகளையெல்லாம் உள்பக்கமாக மடக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவிலிருந்த மொட்டின்மேல் கவிழ்த்து மூடியிருந்தது. விரித்த கைகளாக இருந்த இலைகள் இப்போது மறித்த கைகளாக நின்றன. அந்த ஊரில் அதுவரை யாரும் அப்படிக் கையை மறித்துப் பரிமாறுகிறவளைத் தடுத்ததில்லை. அவர்களுக்கு ஓடத்தான் தெரியும்.

"என்ன கண்ணு, வாய மூடிக்கிட்டா எப்படி? தெற. ஒரே ஒரு வாய்."

நாச்சாத்தாள் செம்பைக் கீழே வைத்தாள். ஓர் இலையின் நுனியைப் பிடித்து, நோகாமல்தான், வெளிப்பக்கமாக இழுத்தாள்.

இலை கையோடு வந்துவிட்டது.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கூழாக இருந்தது. விரலிடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டியது, குட்டைச் சேற்று நாற்றம் அடித்தது. ராக்கியண்ணனின் கையைக் கடைசி நாளில் பிடித்தபோது அது சுள்ளியாகக் காய்ந்து, தோலும் எலும்புமாக, எடையே இல்லாமல் இருந்தது. அந்தக் கையில் இல்லாததெல்லாம் இந்த இலையில் நிறைந்து வழிந்தது. பசித்த உடம்பு இப்படியா இருக்கும்?

"அய்யோ" என்று அலறி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மாரக்காள் ஓடி வந்தாள். "என்ன நாச்சா? என்னாச்சு?"

"நெசமாலுமே போதும்னுதாஞ் சொல்லியிருக்குது, மாரக்கா. நான் வயிறு வெடிக்க ஊட்டிக் கொன்னுட்டேன்."

"அதெப்படி? நம்ம ஊர்ல ஆரு நெசமாப் போதும்னு சொல்லுவாங்க?"

நாச்சாத்தாள் அழுதாள். பஞ்சத்தில் புருஷன் போனபோது அழ அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. அந்த அழுகையும் இப்போது சேர்ந்துகொண்டது. "அன்னைக்கு அவிய சொன்னத நம்புனேன். இன்னைக்கு இது சொன்னத நம்பல. ரெண்டு தடவையும் நான் வாய் சொல்லறதத்தான் கேட்டேனே தவிர, ஆளப் பாக்கல மாரக்கா. ஒரு தடவை கையத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. பாக்கவே இல்லையே நான்!"

மாரக்காள் முந்தானையை எடுத்துத் தன் கண்ணையே துடைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்று குழிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. "மொட்டு இருக்குதுங்களா?"

நாச்சாத்தாள் பதறி எழுந்தாள். மடங்கிய இலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். இருந்தது. மிளகு மிளகாகவே இருந்தது, அழுகவில்லை.

"இருக்குது கண்ணு. கெட்டியா இருக்குது."

"அப்ப என்னைய மேல உட்டுருங்க."

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கப் போகவில்லை. குழியைத் தோண்டிச் செடியைத் தூக்கினாள். வேரெல்லாம் கறுத்து நைந்திருந்தது. அரிவாள் மணையைக் கொண்டுவந்து அழுகலை ஒவ்வொன்றாக அரிந்து எறிந்தாள். அரிய அரியக் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், மடங்கிய இலைகளில் உள்கட்டு மட்டும், ஒரு கைப்பிடி அளவுக்கு மிஞ்சியது. வேர் என்று சொல்ல நாலு மயிரிழை. ஈரம் இன்னும் கசிந்தது. அடுப்பிலிருந்து ஆறிய சாம்பலை அள்ளிவந்து வெட்டுப்பட்ட இடத்தில் அப்பினாள். இலைமேலும் இடுக்கிலும் பூசினாள். அந்தச் சின்ன உடம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்துப்போயிற்று.

ஒரு முறத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது ஊரில் பாதி அங்கே நின்றது.

"ஒறம்பரையைக் கொண்டுபோய் ஒண்ணுமில்லாத கல்லுல உட்டுட்டு வரப் போறயா?" என்றார் ஒரு பெரியவர். "பட்டினி போட்டுக் கொன்ன பாவம் ஊருக்கல்லவா வரும்?"

"ஊட்டிக் கொன்ன பாவம் எனக்கு வந்தாச்சுங்க மாமா. வழி உடுங்க."

யாரும் அவளிடம் அப்படியொரு குரலைக் கேட்டதில்லை. வழி விட்டார்கள்.

கொம்புமலை ஏற ஒன்றரை நாள் ஆகும். மூங்கில் முடிந்து, சோலைமரங்கள் முடிந்து, புல் மட்டும் இருந்து, புல்லும் நின்றுபோன இடத்தில் பாறை ஆரம்பித்தது. காற்று சேலையை உருவிக்கொண்டு போகப் பார்த்தது. குளிர் எலும்புக்குள் குடியேறியது. மேலே ஏற ஏற நாச்சாத்தாளுக்குப் பல் கிட்டியது, முறத்தில் இருந்த செடிக்கோ குரல் தெளிந்தது.

"அக்கா, உங்க மடியில என்னமோ நாறுதுங்க."

நாச்சாத்தாள் நின்றாள். திருடி அகப்பட்டதுபோல இருந்தது. போகிற இடத்தில் ஒன்றுமே இல்லையே என்று மனசு கேட்காமல், சேலை முந்தியில் ஒரு பிடி வண்டல் மண்ணை முடிந்து எடுத்து வந்திருந்தாள்.

"ஒரே ஒரு பிடி கண்ணு. சும்மா, ஒரு இதுக்கு."

செடி மறித்த கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது. அவள் அதைப் பார்த்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்து மண்ணைக் காற்றில் விட்டாள். வெறும் முந்தியை மறுபடி முடிந்துகொண்டாள். விருந்தாளிக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

உச்சிக்குக் கீழே ஒரு பெரிய கறுத்த பாறை இருந்தது. அதனிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க சாமி, இந்தப் புள்ளைக்கு எடங் குடுப்பீங்களா?"

கல் யோசித்தது. மேகம் ஒன்று வந்து மூடிவிட்டு விலகிப் போகும்வரை யோசித்தது. "எங்கிட்ட... ஒண்ணும்... இல்லையே."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"தண்ணி ஊத்துனா... நிக்காது. ஓடிப்போயிரும்."

"நிக்க வேண்டாமுங்க."

"எரு... கெடையாது."

"வேண்டவே வேண்டாமுங்க சாமி."

இப்படி ஒரு கோரிக்கையைக் கல் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மறுபடியும் யோசித்தது. "அப்ப வரட்டும். ஒரு இடுக்கு... சும்மாத்தான் இருக்குது."

விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. உள்ளே ஒரு சிட்டிகைத் தூசி. நாச்சாத்தாள் செடியை அதில் வைத்தாள். நாலு மயிரிழை வேரும் கல்லின் விளிம்பைப் பற்றிக்கொண்டன. இனி நடக்க அவற்றால் ஆகாது, பிடித்துக்கொள்ள முடிந்தது. மஞ்சு வந்து இலைமேல் இறங்கியது. சாம்பல்மேல் துளி துளியாக நின்று, அப்படியே உருண்டு கீழே ஓடியது.

"ஸ்ஸ்ஸ்" என்று செடி மூச்சு விட்டது.

"இன்னும் என்ன வேணுங் கண்ணு?"

"ஒண்ணும் வேண்டாமுங்க்கா."

அவள் வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

மூன்று நாள் பக்கத்துக் குகையில் தங்கினாள். முதல் நாள் வெயில் அடிக்கிறதே என்று முறத்தைச் செடிக்கு மேலே பிடித்தாள். இரண்டாம் நாள் காற்றுக்கு மறைவாகக் கல் அடுக்கப் பார்த்தாள். மூன்றாம் நாள் சுனைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஓசைப்படாமல் வந்தாள். செடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, நீங்க பக்கத்துல இருந்தா உங்க கை சும்மா இருக்காதுங்க. ஊட்டுக்குப் போங்க."

"பூக்கறதப் பாத்துச் சொல்றேன்னு சொன்னனே?"

"பூக்கறதுக்கு முதல்ல நான் பொழைக்கோணுமல்லங்க? போயிட்டு அடுத்த கார்த்திகைக்கு வாங்க."

நாச்சாத்தாள் உள்ளங்கைத் தண்ணீரைத் தானே குடித்தாள். முறத்தை எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாள் என்று கணக்கில்லை. மஞ்சு மூடிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஒரு வருஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாய் கூழ் குடிக்கும்போதும் அங்கே அது என்ன சாப்பிடுகிறதோ என்று நினைப்பு வரும். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கால் பரபரக்கும். ஒரு தடவை மூங்கில் காடு வரைக்கும் போய்விட்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். ஊரில் சிலர் செடி அப்போதே செத்திருக்கும் என்றார்கள். அவளுக்கு ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

அடுத்த கார்த்திகை வந்தது. வெறும் கையோடு மலையேறினாள்.

பாறை அதே இடத்தில் இருந்தது. கல் எங்கே போகப் போகிறது? ஆனால் அந்த வெடிப்பைக் காணோம். வெடிப்பு இருந்த இடம் முழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல் பூத்த சின்னச் சின்ன மொக்குகளாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். நடுவில் அவள் கொண்டுவந்து விட்ட செடி, கைகளை மறித்தபடி, கல்லோடு கல்லாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி, விதைக்குக் காத்திராமல் அதன் அடியிலிருந்தே கிளைத்து, அதே மாதிரி கைகளை மறித்துக்கொண்டு பதினேழு குட்டிகள்.

"வந்துட்டீங்களா? நேத்துத்தான் பூத்தேன். அக்கா, சொல்லுங்க, எப்படி இருக்குது?"

நாச்சாத்தாள் இன்னும் குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். உச்சியில், விரல் நீளக் காம்பின் நுனியில், அந்த மிளகு விரிந்திருந்தது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில், ஆடக்கூட ஆடாமல்.

"செவப்பு கண்ணு. ரொம்பச் செவப்பும் இல்ல, வெத்தல போட்ட வாய் மாதிரி. எதழு பன்னண்டு இருக்குது. நடுவுல மஞ்சப் பொடி. ஒவ்வொரு எதழு ஓரத்துலயும் கோடு கிழிச்ச மாதிரி வெள்ளை..." சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னாள். "இத்தனை அழகா நான் எதையும் பாத்ததில்ல."

"நெசமாவா?"

"நெசமா."

பதினேழு குட்டிகளும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, இந்தத் தடவை தானாகவே எழுந்து ஊருக்கு இறங்கினாள்.

காரைப்பள்ளத்துப் பந்தி மாறியதும் அப்போதிருந்துதான். வருகிறவர் போதும் என்றால் பரிமாறுகிறவள் முகத்தைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள். வயிறு ஒட்டியிருந்தால் எத்தனை போதும் சொன்னாலும் விடமாட்டாள். சோற்றுக்கு மேலே இரண்டு கையையும் மறித்துக் கவிழ்த்துவிட்டாலோ, அதற்குமேல் ஒரு பருக்கை விழாது.

அந்தச் செடியை இன்றைக்கும் குளிர்மலைப் பாறைகளில் பார்க்கலாம். இலைகளை உள்பக்கம் மடக்கி அடுக்கிக்கொண்டு, மேலெல்லாம் சாம்பல் பூத்து, குட்டிகளை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து நல்ல மண்ணும் எருவும் போட்டு வேளாவேளைக்குத் தண்ணீர் விட்டால் பத்தே நாளில் அழுகிவிடும். சரளைக்கல்லைக் குவித்து அதன் இடுக்கில் செருகிவிட்டு, அதை மறந்தவர்கள் வீட்டில்தான் செழித்திருக்கும். ஏன் என்று கேட்டால், நாச்சாத்தாள் தன் கையைக் கட்டிக்கொண்டு மலையிறங்கினாளே, அன்று தொட்டுத்தான் அந்தச் செடி கொடுக்கக் கொடுக்கச் சாகிறது, விட்டுவிட்டு வந்தால் பூக்கிறது.